வீட்டுக்குள் திறக்கும் தளம் வெளியில் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செய்யாற்றில் வசிக்கிறேன். கூத்து வாத்தியாராக இருந்த என் தந்தையார் கைப்பட எழுதிய கூத்துப் பிரதிகளைப் படமெடுத்து, வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் நிரலை நிறுவி, இணையதளமாக வைத்திருக்கிறேன். ஆரணியில் வாடகை வீட்டில் இருந்தவரை, சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்கு வந்து புதிய ஃபைபர் இணைப்பு வாங்கிய நாள் முதல் அவளுக்குத் திறக்கவில்லை. வீட்டுக்குள் 192.168.1.20 என்று தட்டினால் தளம் வருகிறது. டொமைன் பெயரைத் தட்டினால் ரூட்டரின் லாகின் பக்கம் வருகிறது. மகளுக்கோ வெகுநேரம் சுற்றிவிட்டு, இணைப்புக்கான நேரம் கடந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ரூட்டரில் 80, 443 ஆகிய போர்ட்களைப் பழையபடியே ஃபார்வர்டு செய்திருக்கிறேன். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN, அதாவது வெளிப்பக்க) முகவரியாகக் காட்டும் 100.81.37.6 என்ற எண்ணையே டொமைனிலும் பதிந்தேன். ஒருவர் சொன்னபடி டிஎம்இசட் வசதியைப் போட்டு, கணினியின் ஃபயர்வாலையும் நிறுத்திப் பார்த்தேன். பயனில்லை. தவறு எங்கே?

பதில்: ஐயா, வணக்கம். இத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை "தளம் திறக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். தாங்கள் எந்த இடத்தில் எதைத் தட்டினால் என்ன வருகிறது என்பதைத் தனித்தனியாக எழுதியிருப்பதால், செய்யாற்றுக்கு வராமலேயே என்னால் காரணத்தைச் சொல்ல முடிகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதிலைத் தொடர்ந்து படிப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டிஎம்இசட் வசதியை எடுத்துவிடுங்கள். ஃபயர்வாலை மறுபடியும் இயக்குங்கள். போர்ட் ஃபார்வர்டிங் என்பது வீட்டில் ஒரு சன்னலை மட்டும் திறப்பது. டிஎம்இசட் என்பது எல்லாக் கதவுகளையும் கழற்றி வைப்பது. தங்கள் இணைப்பின் இப்போதைய நிலையில் பொது இணையத்திலிருந்து யாராலும் தங்கள் ரூட்டரை எட்டவே முடியாது என்பதால், அந்தக் கழற்றிய கதவு இதுவரை ஆபத்தாகவில்லை. நான் கீழே சொல்லப்போகும் வழிகளில் ஒன்றின்படி நாளை தங்களுக்குப் பொது முகவரி கிடைத்தால், கிடைத்த அந்த நிமிடமே கணினி முழுவதும் உலகத்துக்குத் திறந்துகிடக்கும். அப்போது இந்த அமைப்பைப் போட்டு வைத்திருப்பது தங்கள் நினைவில் இருக்காது. 2022 ஏப்ரலுக்கு முன் வெளிவந்த ராஸ்பெரி பை இயங்குதளத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. தங்கள் மெமரி கார்டு அதற்கும் பழையது என்றால், கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். 2016 இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டு, அக்டோபர் 21 அன்று டொமைன் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே பலருக்கு எட்டாமல் போயின. அந்தக் கருவிகளின் உரிமையாளர்களில் மிகப் பலருக்குத் தங்கள் வீட்டுப் பெட்டி அதில் பங்கெடுத்தது இன்றுவரை தெரிந்திருக்காது. தங்கள் தந்தையாரின் பிரதிகள் இருக்கும் கணினி அந்த வரிசையில் சேரக்கூடாது.

இனி காரணத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தில் உள்ள 100.81.37.6 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. அது இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய பொது முகவரி அன்று. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள ஏறத்தாழ 42 லட்சம் எண்கள், இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் தம் வலைப்பின்னலுக்குள்ளேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துக்கொள்வதற்காக 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. அந்த நிறுவனத்தின் எல்லையைத் தாண்டினால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. தங்கள் வீட்டு 192.168.1.20 எப்படி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கக்கூடிய எண்ணோ, அதேபோல் 100.81.37.6 என்பதும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கக்கூடிய எண். கடித உறையில் "மாடி வீடு, இடதுபுறம்" என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டதுபோல் ஆகிவிட்டது.

தாங்கள் கண்ட இரண்டு விளைவுகளும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன. வீட்டுக்குள் டொமைன் பெயரைத் தட்டும்போது அது 100.81.37.6 என்று மாறுகிறது. அந்த எண் தங்கள் ரூட்டருடையதே என்பதால், ரூட்டர் "என்னைத்தான் கேட்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு தன் லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் மறுபடி உள்ளேயே திரும்பும் கோரிக்கையை எல்லா ரூட்டர்களும் சரியாகக் கையாளுவதில்லை. ஆகவே டொமைன் பெயரை வீட்டு வைஃபையிலிருந்து சோதிப்பதில் எந்தப் பயனும் இல்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதிப்பதே சோதனை. சிங்கப்பூரில் மகள் தட்டும்போதும் அதே எண்தான் கிடைக்கிறது. ஆனால் அங்கிருந்து அந்த எண்ணுக்குச் செய்யாறு வரை வழியே கிடையாது. அவர் அனுப்பும் பொதி, அதாவது தரவுத் துண்டு, வழியிலேயே கைவிடப்படும், அல்லது அவருக்கு இணைப்பு தரும் நிறுவனத்துக்குள் அதே எண்ணை வைத்திருக்கும் வேறு யாரோ ஒருவரின் ரூட்டரை நோக்கிப் போகும். எப்படியானாலும் பதில் வராது. பதில் வராததால்தான் நேரம் கடந்துவிட்டதாகச் செய்தி வருகிறது.

அந்தச் செய்தியின் சொற்களையும் கவனிக்க வேண்டும். "நேரம் கடந்துவிட்டது" என்பதும் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. மறுக்கப்பட்டால், பொதி ஏதோ ஒரு கணினியை அடைந்து, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்ற பதில் உடனே திரும்பியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது என்ஜின்எக்ஸ் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நேரம் கடந்தால், பொதி வழியில் எங்கோ ஓசையின்றி மறைந்திருக்கிறது. அப்போது வழியைப் பார்க்க வேண்டும். தாங்கள் வழியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறீர்கள். இது தங்கள் குறையன்று; கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை போர்ட் ஃபார்வர்டிங்கிலேயே தொடங்கி அதிலேயே முடிகின்றன. என் பழக்கம் வேறு: எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள வான் முகவரியையும், "என் ஐபி முகவரி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளம் காட்டும் முகவரியையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரூட்டரில் வேலை செய்யலாம். இரண்டும் வேறாக இருந்தால், ரூட்டரில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் தளம் திறக்காது.

இங்கே ஒரு தவறான முயற்சியைத் தடுக்க விரும்புகிறேன். "அப்படியானால் வெளித் தளம் காட்டும் அந்த இன்னொரு முகவரியை டொமைனில் பதிந்தால் சரியாகிவிடுமே" என்று தோன்றும். ஆகாது. அந்த முகவரி தங்களுக்கு மட்டும் உரியதன்று. ஐபி என்ற இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது, ஆசியப் பகுதிக்கான கையிருப்பும் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுதியை எட்டியது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குச் சிஜிநாட் என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரைப் போல அந்த நிறுவனத்தின் கருவி நிற்கிறது: உள்ளிருந்து யாராவது வெளியே கேட்டனுப்பிய பொருள் வந்தால், யார் கேட்டது என்று குறித்து வைத்திருப்பதால் சரியான வீட்டுக்கு அனுப்பும், யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வருபவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. தாங்கள் தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய சீட்டு, அதாவது ரூட்டரில் செய்த போர்ட் ஃபார்வர்டிங், வாயிற்காவலரின் கண்ணுக்குப் படாது. ஆரணி வீட்டு இணைப்பில் தங்களுக்கே உரிய பொது முகவரி இருந்திருக்கிறது. அதனால்தான் அங்கே வேலை செய்த அதே அமைப்பு இங்கே வேலை செய்யவில்லை.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒன்று. வான் முகவரி 100 இல் தொடங்கினால் மட்டுமே இந்தச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். 10 இல் தொடங்கும் எண்களும், 192.168 இல் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் உள்முகவரிகளே. இணைப்பு தந்தவரின் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் தாமே வாங்கிய இன்னொரு ரூட்டரை மாட்டியிருப்பவர்களுக்கு, இரண்டாவது ரூட்டரின் வான் முகவரி பெரும்பாலும் 192.168 இல் தொடங்கும். அது நிறுவனத்தின் ஏற்பாடு அன்று, வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதன் விளைவு. ஓர் அச்சகத்தில் இதைக் கவனிக்காமல் நான் ஒரு பகல் முழுவதையும் இழந்திருக்கிறேன். மேசைக்கு அடியில் தூசி படிந்த நிலையில் இன்னொரு பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்ததை மாலையில் தரையைப் பெருக்க வந்த அம்மாதான் காட்டினார். அத்தகைய இடங்களில் ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றச் சொன்னால் போதும்.

தங்களுக்கு இருக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, இணைப்பு தந்தவரிடமே பொது முகவரி கேட்பது. வாடிக்கையாளர் சேவையில் சிஜிநாட் என்ற சொல்லைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். "என் ரூட்டரில் 100 இல் தொடங்கும் முகவரி வருகிறது; வீட்டுக் கேமராவையும் தளத்தையும் வெளியிலிருந்து பார்க்க வேண்டும்; அதற்குப் பப்ளிக் ஐபி வேண்டும்" என்று சொல்லுங்கள். ஸ்டேட்டிக் ஐபி என்று அவர்கள் சொல்வார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: ஸ்டேட்டிக் என்றால் மாறாதது, பப்ளிக் என்றால் வெளியிலிருந்து எட்டக்கூடியது, தங்களுக்குத் தேவையானது இரண்டாவது. மாறிக்கொண்டே இருக்கும் பொது முகவரி கிடைத்தாலும் முகவரி மாறும்போதெல்லாம் டொமைன் பதிவைத் தானே மாற்றும் டைனமிக் டிஎன்எஸ் கொண்டு சமாளிக்கலாம். மாறாத உள்முகவரி கிடைத்தால் பணம் வீண்.

இரண்டாவது வழி, ஐபியின் ஆறாம் பதிப்பு. தங்கள் இணைப்பில் அது இருந்தால், ராஸ்பெரி பைக்கே நேரடியாக ஒரு பொது முகவரி கிடைத்திருக்கும். பகிர்வு தேவைப்படாத அளவுக்கு அதில் எண்கள் இருக்கின்றன. 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் நீண்ட முகவரி கணினியில் தெரிந்தால் அதுதான். எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் பயன்படுவது, அதைப் பதிய வேண்டாம். டொமைனில் ஏஏஏஏ வகைப் பதிவாக அந்த நீண்ட முகவரியைச் சேர்த்து, ரூட்டரின் ஆறாம் பதிப்பு ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கு 80, 443 ஆகிய போர்ட்களை மட்டும் அனுமதித்தால் வழி திறக்கும். ஆனால் ஆறாம் பதிப்பு இல்லாத இணைப்பிலிருந்து பார்ப்பவருக்குத் தளம் திறக்காது. நம் ஊர்க் கைப்பேசி இணைப்புகளில் ஆறாம் பதிப்பு பரவலாக இருப்பதால், தங்கள் கைப்பேசியில் சோதித்தால் அழகாகத் திறக்கும். சிங்கப்பூரில் மகளின் அலுவலகத்திலோ, ஏதாவது ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரின் கணினியிலோ திறக்காமல் போகலாம். கூத்தை ஆராய்பவர்கள் பார்க்க வேண்டும் என்பதும் தங்கள் விருப்பமாக இருக்கும் என்று கருதுவதால், இதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி சுரங்கம். தங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. வாயிற்காவலர் வெளியிலிருந்து வருபவரைத்தான் தடுக்கிறார், உள்ளிருந்து போகிறவரைத் தடுப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. பொது முகவரி உள்ள ஒரு கணினியை வெளியில் வைத்துக்கொண்டு, ராஸ்பெரி பையே அதனிடம் முதலில் சென்று ஓர் இணைப்பை ஏற்படுத்தி, அதை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பார்வையாளர்கள் அந்த வெளிக் கணினியின் முகவரிக்கு வருவார்கள். அவர்கள் கோரிக்கை ஏற்கனவே திறந்திருக்கும் அந்த இணைப்பின் வழியே செய்யாற்றுக்கு வரும்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சுரங்க வசதியைப் பயன்படுத்தினால், அவர்களுடைய சிறிய நிரல் ஒன்றை ராஸ்பெரி பையில் நிறுவி, டொமைனின் பெயர்ச் சேவையை அவர்களிடம் மாற்ற வேண்டும். ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. பார்வையாளரின் உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான மறையாக்கம் அவர்களுடைய கணினியில் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து தங்களிடம் வரும். கடவுச்சொற்களோ சொந்தக் கடிதங்களோ புழங்கும் தளமாக இருந்தால் இதற்கு நான் தயங்குவேன். எல்லாரும் பார்க்கவேண்டிய கூத்துப் பிரதிகளுக்கு இது ஒரு தடையன்று. மற்றொரு விதம், வாடகைக்குக் கிடைக்கும் சிறிய விபிஎஸ் கணினி ஒன்றை எடுத்து, அதற்கும் ராஸ்பெரி பைக்கும் இடையே வயர்கார்டு என்ற நிரலால் மறையாக்கம் செய்த சுரங்க இணைப்பை ஏற்படுத்துவது. 2020 முதல் வயர்கார்டு லினக்ஸின் உட்கருவிலேயே (கெர்னல்) சேர்ந்திருப்பதால் நிறுவுவது கடினமன்று. இதில் ஒரு சிறு அமைப்பை மட்டும் பலர் மறந்துவிட்டு, "முதல் சில நிமிடம் திறந்தது, பிறகு நின்றுவிட்டது" என்று எழுதுகிறார்கள்: பேச்சில்லாமல் இருக்கும் இணைப்புகளைச் சிஜிநாட் கருவி சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஆகவே பையின் பக்கத்தில் நிலைத்த உயிர்த்துடிப்பு (PersistentKeepalive) என்ற அமைப்பை 25 விநாடி என்று வையுங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி போய்க்கொண்டே இருந்தால் வழி மூடாது.

மகள் இந்த வாரமே பார்க்க வேண்டும் என்றால் முதலில் கிளவுட்ஃபிளேர் சுரங்கத்தை அமைத்துவிடுங்கள். நிறுவனத்திடம் பொது முகவரிக்கான விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடுங்கள். அது கிடைத்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

பொது முகவரி கிடைத்து, பழையபடி போர்ட் ஃபார்வர்டிங்குக்கே திரும்புவதென்றால், வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும், ரூட்டரின் டிஹெச்சிபி பகுதியில் 192.168.1.20 என்ற முகவரியைப் பைக்கென்று நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். இல்லையேல் ஒரு மின்தடைக்குப் பிறகு பைக்கு வேறு எண் கிடைத்து, ஃபார்வர்டிங் ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். டொமைனில் உள்ள 100.81.37.6 என்ற பதிவை நீக்கிவிட்டுப் புதிய முகவரியைப் பதியுங்கள். பிறகு சோதிக்கும்போது ஊகத்துக்கு இடம் தராத ஒரு முறையைக் கையாளுங்கள். வந்துபோகும் பொதிகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் என்ற நிரலைப் பையில் 443 ஆம் போர்ட்டை மட்டும் கவனிக்கும்படி இயக்கிவிட்டு, மகளைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கருப்புத் திரையில் எந்த எழுத்தும் நகராமல் சுட்டி மட்டும் மின்னிக்கொண்டிருந்தால், பொதி வீடுவரை வரவில்லை. கோளாறு ரூட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. சிங்கப்பூர் முகவரியோடு ஒரு வரி வந்து, அதே வரி ஒரு விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று இடைவெளி கூடிக்கூடி மீண்டும் வந்தால், பொதி வருகிறது, பை பதில் சொல்லவில்லை. தடுப்பது பெரும்பாலும் பையின் ஃபயர்வால். வரிகள் இரு திசையிலும் சரசரவென்று ஓடினால் வழி திறந்துவிட்டது. நானே பலமுறை இந்தத் திரையின் முன் உட்கார்ந்து, அந்த முதல் வரி ஓடும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது உலாவி ஒரு சிவப்பு எச்சரிக்கையைக் காட்டக்கூடும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழைத் தாங்கள் பயன்படுத்தியிருந்தால், அது அதிகபட்சம் 90 நாட்களே செல்லும். புதுப்பிக்கும்போது வழக்கமான முறையில் அவர்கள் 80 ஆம் போர்ட் வழியாகத் தங்கள் கணினியை வெளியிலிருந்து வந்து பார்த்து உறுதி செய்வார்கள். வழியே இல்லாத இந்த மாதங்களில் அது நடந்திருக்காது. ஆகவே சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். அந்த எச்சரிக்கை வருகிறது என்றாலே மகளின் கணினி தங்கள் கணினியை எட்டிவிட்டது என்று பொருள். சான்றிதழைப் புதுப்பித்தால் மறைந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மின்தடை அடிக்கடி வரும் ஊரில் பையின் மெமரி கார்டு என்றாவது ஒருநாள் படிக்கமுடியாமல் போகும். மூல நோட்டுகளின் படங்கள் அந்த ஒரு கார்டில் மட்டும் இருந்தால், தளத்தைத் திறக்கும் வேலைக்கு முன் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, மகளிடமும் ஒரு நகல் இருக்கும்படி செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் திறக்காவிட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது ரூட்டரின் வான் முகவரியில் முதல் இரண்டு எண்களை மட்டும், மொபைல் டேட்டாவில் திறந்தபோது வந்த பிழைச் செய்தியின் சரியான சொற்களை, டிசிபிடம்ப் திரையில் கண்டதை, இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள். முழு முகவரியையும் கடவுச்சொல்லையும் யாருக்கும், எனக்கும், எழுத வேண்டாம்.